வடமுனை இல்லாத தலைநகரம்

சித்திரை 12, ஞாயிறு

தலைநகர் மணற்கோட்டின் சரித்திரமும் பூகோளமும் குறித்த என் நூலின் ஆறாம் அதிகாரத்தை இன்று நண்பகலுக்கு முன்பாக நிறைவுசெய்தேன். ஏழ்திட்டு நாட்டின் பாடநூற்குழு, நான்காம் வகுப்பு மாணாக்கருக்கென என்னிடம் கேட்டுப் பெறவிருக்கும் நூல் இது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள். மற்றதெல்லாம் நூலகத்திலும், தையல் எந்திரத்தின் பக்கத்தில் விரித்து வைத்த புத்தகங்களிலும் கற்றது.

"அதான் ஒரு வகுப்பு கூடுதலா படிச்சிருக்கீங்களேக்கா, நாலாம் வகுப்புக்கு எழுத அது போதும்" என்றாள் அடுத்த வீட்டுப் பாத்திமுத்து. கேலி செய்யும் உரிமையை அவளுக்கு நான் முறைப்படி வழங்கவில்லை. அவளாக எடுத்துக்கொண்டது.

அதிகாரத்தின் ஒரு பகுதியை இங்கே படியெடுத்து வைக்கிறேன். அச்சில் பிழை நேர்ந்தால் ஒப்பிட உதவும்.

"மணற்கோடு, கிழக்கே கடலுக்கும் மேற்கே காயலுக்கும் இடையில் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் மணல்திட்டின்மீது அமைந்த நகரம். ஆனி, ஆடி மாதங்களின் அலைகள் தென்முனையை அரித்து, அந்த மணலை வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. சில ஆண்டுகள் கடல் ஓய்ந்திருக்கும்; சில ஆண்டுகள் மூன்று வீடுகளை ஒருசேர விழுங்கும். தென்கோடி வீட்டைக் கடல் நெருங்கும்போது, அவ்வீட்டார் வடகோடியில் புதிதாய்ப் பிறந்த நிலத்துக்குக் குடிபெயர்வர். அவர்களுக்கு அடுத்த வீட்டார், அவர்களை ஒட்டியே அடுத்து அமர்வர். இந்த வரிசையை அரசரும் மீறியதில்லை. மூன்று அரண்மனைகள் இவ்வாறே பெயர்ந்தன. நடுநகரில் இன்று நிற்கும் மணிக்கூண்டு ஒருகாலத்தில் வடகோடியில் நின்றது. அது நின்ற இடத்தில்தான் நிற்கிறது. ஊர் அதைக் கடந்து போய்விட்டது."

கடைசி வாக்கியம் எனக்குத் திருப்தியளிக்கிறது.

மாலையில் இரண்டு ரவிக்கைகளுக்கு ஊக்கு வைத்தேன். கூடத்தில் மணல் கூட்டினேன். காலையிலும் கூட்டினேன்.

சித்திரை 14, செவ்வாய்

கரை அதிகாரி மரியநேசன் வந்தார். என் வீடு சங்குத் தெருவில் கடைசி. அதற்குத் தெற்கே கடல்தான். கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லுக்கு இந்தப் பக்கமாக, சிவப்புச் சாயம் பூசிய முளை ஒன்றை அடித்தார்.

"இந்த வருசம் ரெண்டு வீடும்மா. முதல்ல நீங்க, அடுத்து பாத்திமுத்து வீடு."

பதினோரு ஆண்டுகள் ஓய்ந்திருந்த கடலுக்குத் திடீரென்று என்ன அவசரம் என்று கேட்டேன்.

"அதுகிட்டத்தான் கேக்கணும். வைகாசி முடியறதுக்குள்ள உங்க வாசல் நிலை கிளம்பிடணும். கிளம்பலேன்னா உங்க இடம் போயிடும், மறுகரைலதான் குடிசை தருவாங்க."

மறுகரை என்பது காயலுக்கு அப்பால் உள்ள பெருநிலம். அங்கே குடியிருப்போர் மணற்கோட்டின் குடிகள் ஆகார். தலைநகரின் சரித்திரத்தை எழுதுகிறவள் தலைநகரைச் சேராதவளாய் இருப்பது பொருத்தமாகுமா என்பது ஆராய வேண்டியது.

வடகோடியில் எனக்குரிய மனை யாருடைய வீட்டை ஒட்டி வரும் என்று வினவினேன்.

மரியநேசன் முளையைச் சுத்தியலால் இன்னொரு தட்டு தட்டினார். "தெரியாத மாதிரியே கேக்குறீங்க. உங்களுக்கு முன்னால கடைசியா போனது யாரு? சார் வீடுதானே."

அது எனக்குத் தெரியும். அதிகாரி அறிந்திருக்கிறாரா என்பதைச் சோதித்தேன்.

சித்திரை 15, புதன்

முழுமை கருதி ஒரு குறிப்பு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கனகசபை என்பார் என் கணவர். அவருடைய பெற்றோரின் வீடும் என் தாயின் வீடும் ஒரே சுவரை ஒட்டியவை. மணம் முடித்து அந்தச் சுவருக்கு அப்பால் சென்றேன். அவ்வளவே என் புகுந்த வீட்டுப் பயணம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டின் முறை வந்தபோது அவர் வடக்கே சென்றார். நான் என் தாயின் வீட்டுக்குள் திரும்பி வந்தேன். நூலை முடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னேன்.

"உன் புஸ்தகம் முடியறதுக்குள்ள ஊரே வடக்க வந்து சேர்ந்துடும்" என்று அவர் தெருவில் நாலு பேர் முன்னால் சொன்னார். நாலு பேரும் சிரித்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் என் முதல் அதிகாரத்தைச் சிவப்பு மையால் திருத்தியிருந்தார்.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அவரவர் முனையில் அவரவர் இருக்கிறோம்.

சித்திரை 21, செவ்வாய்

நல்ல வெயில். மஞ்சளும் மிளகாயும் காய வைத்தேன். பாத்திமுத்துவின் மகள் மைமூன் பேறுகாலத்துக்காகத் தாய்வீடு வந்திருக்கிறாள். ஏழாம் மாதம். முறத்தில் மிளகாய்க் காம்பு கிள்ளிக் கொடுத்தாள்.

"பெரியம்மா, நீங்க எப்பப் போறீங்க?"

நூல் முடிந்ததும் என்றேன். மைமூன் தன் தாயைப் பார்த்தாள். பாத்திமுத்து என்னைப் பார்த்தாள். நான் மிளகாயைப் பார்த்தேன்.

சித்திரை 26, ஞாயிறு

பாடநூற்குழுவிலிருந்து சுகிர்தா என்னும் இளம்பெண் வந்தாள். படித்த பெண், பணிவும் உண்டு. ஆறு அதிகாரங்களையும் வாயாரப் புகழ்ந்தாள். முதல் அரண்மனையின் தூண்கள் இன்று கடலடியில் மீன்களுக்கு நிழல் தருகின்றன என்ற வாக்கியத்தை மனப்பாடமாகவே சொன்னாள். பிறகு நான் வரைந்த நகரப் படத்தை மேசைமீது விரித்தாள்.

"தெக்க ஒவ்வொரு சந்துக்கும் பேர் இருக்கும்மா. மணிக்கூண்டுக்கு மேல போகப்போக ஒண்ணுமே காணோமே. கடைசில ஸ்கேல் வச்சு ரெண்டு கோடு. அவ்வளவுதானா வடமுனை?"

புதிய நிலத்துக்குச் சரித்திரம் கிடையாது என்று விளக்கினேன்.

"பூகோளம் இருக்குமில்லையாம்மா? பாதிப் பிள்ளைங்க அங்கதான் இருக்காங்க. புஸ்தகத்தைத் திறந்தா அவங்க வீடே இல்லைன்னா என்ன நினைப்பாங்க?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகள் எல்லாவற்றுக்கும் உடனே பதில் தரவேண்டிய கட்டாயம் எழுத்தாளருக்கு இல்லை.

"கடைசியா எப்பம்மா அந்தப் பக்கம் போனீங்க?"

காபி ஆறிவிடும் என்று நினைவூட்டினேன்.

ஏழாவதாக வடமுனை அதிகாரம் வராமல் நூல் அச்சுக்குப் போகாது என்று போகும்போது சொன்னாள். மிகவும் வருத்தத்தோடுதான் சொன்னாள்.

சித்திரை 31, வெள்ளி

எழுதவில்லை. கீரை முற்றல்.

வைகாசி 2, ஞாயிறு

பருவத்துக்கு முன்பே அலை வந்துவிட்டது. காலையில் கொல்லைக் கதவைத் திறந்தபோது துவைக்கும் கல்லைக் காணவில்லை. முளை சாய்ந்து கிடந்தது. வாளியில் முக்கி வைத்திருந்த போர்வையை முன்வாசல் படியில் வைத்துத் துவைத்தேன். தெரு முழுவதும் பார்த்தது.

பாத்திமுத்து வந்தாள். இன்று கேலி இல்லை.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க நகர்ந்தாத்தான் நாங்க நகர முடியும். ராத்திரியெல்லாம் மைமூன் செவுத்துல காதை வச்சுக்கிட்டு அலைச் சத்தம் கேட்டுக்கிட்டே கிடக்குறா. தூங்குறதே இல்ல."

வரிசை என்பது நம் நகரத்தின் ஆணிவேர் என்று தொடங்கினேன்.

"தெரியும்க்கா! அந்த வரிசையிலதான் நீங்க வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. புஸ்தகம் புஸ்தகம்னு சொல்லாதீங்க. புஸ்தகம் பாக்கி இருக்குறதே அந்த ஒரு இடம்தானாமே? சுகிர்தாப் பொண்ணு என்கிட்டயும் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுத்தான் போச்சு. போய்ப் பார்த்து எழுத வேண்டியதுதானே? சார் என்ன புலியா, கடிச்சு வைக்க?"

அவளை உள்ளே அழைத்து உட்காரச் சொன்னேன். உட்காராமல் போய்விட்டாள். ஈரப் போர்வையைப் பிழிய இன்னொரு ஆள் தேவைப்பட்டது. நானே ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி முறுக்கினேன்.

வைகாசி 5, புதன்

பாத்திமுத்து பேசவில்லை. மைமூன் பேசினாள், மதில் வழியாக: "அம்மாவுக்கு உங்க மேல கோவம் இல்ல பெரியம்மா, கடல் மேல." பொய் சொல்லும்போதும் அந்தப் பெண்ணுக்கு அழகான மொழி வாய்த்திருக்கிறது.

வைகாசி 9, ஞாயிறு

தீர ஆலோசித்து, குடிபெயர்வதென முடிவு செய்தேன். காரணங்கள்: முதலாவது, அண்டை வீட்டாரின் நலன். இரண்டாவது, கல்விப் பணி. வேறு காரணம் இல்லை.

மரியநேசனிடம் தெரிவித்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "நல்லதும்மா. ஆனா நிலை நிறுத்துறப்போ பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கால் பிடிக்கணும். அது... தெரியும்தானே?"

தெரியாமலா? ஐந்தாம் அதிகாரமே அதுதான். நம் நகரத்தார் வீட்டைப் பெயர்ப்பதில்லை; வாசல் நிலையை மட்டுமே கழற்றி எடுத்து, தோளில் சுமந்து, நகரம் முழுவதையும் கடந்து வடக்கே கொண்டுபோகிறார்கள். புதிய மனையில் முதலில் நிலை. அதன்பிறகே சுவர், கூரை, அடுப்பு எல்லாம். நிலையின் ஒரு காலை வீட்டுக்காரரும் மறுகாலை அண்டை வீட்டாரும் பிடித்து நிற்க, கொத்தனார் அடியில் கல்லும் சுண்ணாம்பும் கொடுத்து இறுக்குவார். அவர் போதும் என்று சொல்லும்வரை இருவரும் கையெடுக்கக் கூடாது. நிலை பெயர்ந்த பழைய வீட்டில் அன்றிரவு யாரும் உறங்கக் கூடாது. புதிய வீடு எழும்வரை அண்டை வீட்டிலேயே தங்க வேண்டும்.

இவை யாவற்றையும் நானே எழுதியிருக்கிறேன். எழுதும்போது மிகச் சிறந்த வழக்கமாகவே தோன்றிற்று.

வைகாசி 12, புதன்

புத்தகங்களை மூட்டை கட்டினேன். தையல் எந்திரத்துக்கு எண்ணெய் விட்டேன். நீலப் புடவையின் கரையில் பிரிந்திருந்த தையலைச் சரிசெய்தேன். அது நல்ல புடவை என்பதற்காக மட்டுமே.

வைகாசி 16, ஞாயிறு

நிலை கிளம்பியது. தெருவார் எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். பாத்திமுத்து முன்னால் நடந்தாள். சண்டை தீர்ந்ததாக அவள் அறிவிக்கவில்லை, என் செம்பை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். வழிநெடுக வீட்டு வாசல்களில் நின்றவர்கள் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். உப்புக்காரர் தெரு, அரண்மனைத் திடல், ஆட்சிமன்றம். மணிக்கூண்டைக் கடந்தபோது யாரோ, "அக்கா, இதுக்கு மேல உங்க மேப்புல ஒண்ணும் இல்லையாமே, வழி தெரியுமா?" என்றார்கள். சுகிர்தா இன்னும் எத்தனை வீட்டில் தண்ணீர் குடித்தாளோ.

மணிக்கூண்டுக்கு வடக்கே நான் அறியாத தெருக்கள். பிள்ளைகள் கூட்டமாகப் பின்னால் வந்தார்கள். பிறகு தெருவும் முடிந்து வெறும் மணல். மணலில் ஒரு வீடு. வாசலில் அவர்.

கனகசபை மெலிந்திருந்தார். முன்பல் ஒன்று இல்லை. இதை யாரும் எனக்குத் தெரிவிக்கவில்லை.

"வாங்க" என்றார், எட்டுப் பேரையும் சேர்த்து.

கொத்தனார் இசக்கி குழி வெட்டத் தயாரானார். "அம்மா, வாசல் எந்தப் பக்கம்?"

நிலை எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதை வீட்டுக்குரியவர் ஒருவரே சொல்ல வேண்டும். கேட்காமல் பிறர் வாய்திறப்பது முறையன்று. மணற்கோட்டில் வாசல்கள் காயலைப் பார்ப்பவை. கடலுக்கு முதுகு காட்டுபவை. ஆகவே தயக்கமின்றி, "காயல் பார்த்து, மேற்கே" என்றேன். மேற்கே அமைதியான நீர் பளபளத்துக்கொண்டிருந்தது.

இசக்கி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "சார்..."

"வீட்டுக்காரி சொல்லியாச்சு. வைங்க கொத்தனாரே."

மணிக்கூண்டருகே தோள் மாற்றிக்கொண்ட வடக்குத் தெருக்காரர் இருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நெடுந்தூரம் நடந்த களைப்பு.

அவர் ஒரு காலைப் பிடித்தார். நான் மறு காலைப் பிடித்தேன். நடுவில் வெற்று வாசல். சுண்ணாம்பு குழைத்து, கல் தேடி, தூக்குநூல் விட்டுப் பார்த்து, மறுபடி கல்லெடுத்து, இசக்கி நிதானமாக வேலை செய்தார். மற்றவர்கள் மோர் குடிக்க நிழலுக்குப் போய்விட்டார்கள்.

"கை வலிக்குதா?" என்றார்.

இல்லை என்றேன்.

"புஸ்தகம் முடிஞ்சுதா?"

ஓர் அதிகாரம் எஞ்சியிருப்பதாகச் சொன்னேன்.

"எது?"

"வடமுனை."

சிரிப்பார் என்று எதிர்பார்த்து, அதற்கான மறுமொழியையும் வழியிலேயே ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல மறுமொழி, வீணாயிற்று.

"பல்லு எங்க போச்சு?" என்று கேட்டேன். கேட்டபடியே எழுதுகிறேன், திருத்தவில்லை.

"அதுவா? ரெண்டு வருசமாச்சு. கொய்யாக் கொட்டை."

"துப்ப வேண்டியதுதானே."

"சொல்ல ஆள் வேணுமில்ல."

இசக்கி தலை நிமிராமலே, "ரெண்டு பேரும் கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்றார். நாங்கள் அசையவே இல்லை.

"அந்தச் சிவப்பு மை" என்றார் அவர். "நான் திருத்துனதுல பாதி தப்பு. நீ போட்டிருந்த 'நல்கினார்' நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறமா யோசிச்சுப் பார்த்தேன்."

எப்போது யோசித்தார் என்று கேட்கவில்லை. நிலைக்காலைப் பிடித்திருக்கும்போது உரையாடலை நீட்டுவது உசிதமன்று. சூரியன் சாய்ந்தபிறகே இசக்கி போதும் என்றார்.

கையை எடுத்தோம். நிலை நின்றது.

அப்போது மேற்கே நீரின் நிறம் மாறிற்று. ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது. அமைதியாகக் கிடந்த நீர் புரண்டெழுந்து, ஓர் அலை நேராக வந்து என் வாசற்படியில் ஏறி, நிலைக்குள் புகுந்து, நான் அடுப்பு வைக்க நினைத்திருந்த இடத்தில் நுரையைக் கொட்டிவிட்டுத் திரும்பிற்று.

"யா அல்லா!" என்றாள் பாத்திமுத்து. "அக்கா, கடலுக்கே வாசல் வச்சு வரவேற்கிறீங்களே!"

எட்டுப் பேரும் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். வடக்குத் தெருக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். இந்த முனையில் நிலம் நேராகப் போகவில்லை. அரிவாள் நுனிபோல மேற்காக வளைந்துவிட்டது. காயல் இங்கே தெற்கில் இருக்கிறது. மேற்கில் இருப்பது முகத்துவாரம். அதன் வழியே திறந்த கடல் உள்ளே புகும். ஓதம் வற்றும்போது மட்டும் காயல்போலத் தோன்றும். வடமுனையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

என் படத்தில் அங்கே இரண்டு நேர்கோடுகள் இருக்கின்றன.

நிலையைப் பெயர்த்தெடுத்துத் தெற்கு நோக்கி மறுபடி நிறுத்த வேண்டும், நாளைக்கு வேறு சுண்ணாம்பு குழைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இசக்கி சட்டியைக் கழுவினார்.

எல்லோரும் சென்றபின் அவர் வீட்டுக் கூடத்தில் எனக்கு இலை போடப்பட்டது. கத்தரிக்காய்க் குழம்பு. தானே சமைத்திருக்கிறார். முதல் கவளத்தை இலையிலேயே திரும்ப வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன். "கொத்தனார் கேட்டப்பவே தெரியும். நாலு பேர் முன்னால நான் தப்பு பண்றதைப் பாத்துக்கிட்டு நின்னீங்க. மறுபடியும் சிரிக்கணும்னுதானே?"

அவர் குழம்புக் கரண்டியை வைத்தார்.

"சிரிச்சேனா?"

சிரிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"பின்ன ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்கும்" என்றார்.

வைகாசி 17, திங்கள்

பாத்திமுத்து வீட்டு நிலை புதன்கிழமை கிளம்புவதாகக் காலையில் செய்தி வந்தது. அதன் ஒரு காலை நான் பிடிக்க வேண்டும்.

படத்தின் மேல்பகுதியை அழித்தேன். ஸ்கேல் இல்லாமல், கையால், வளைவை வரைந்தேன். வளைவு இன்னும் சரியாக வரவில்லை. நாளையும் நடந்து பார்க்க வேண்டும்.

பிற்பகலில் நிலையை மறுபடி நிறுத்தினோம், காயல் பார்த்து. சுண்ணாம்பு இறுக நேற்றைவிட அதிக நேரம் பிடித்ததாக இசக்கி குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.